இறங்கி வந்த கோடு

சின்னையா மாமா கோடிச் சேலையை மடியை விட்டு இறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் இருந்தார். துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். பிறந்த வீட்டுக் கோடி விழாமல் சுமங்கலியைத் தூக்கக் கூடாது. அது கூடாரத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரயில்வே பட்டறையில் காலமெல்லாம் அடுத்தவன் விசிலுக்கு எழுந்து அடுத்தவன் விசிலுக்கு உட்கார்ந்த மனிதர். தன் ஒரு சொல்லுக்காக ஒரு வேனும் ஒரு மேளமும் ஒரு தோட்டமும் காத்து நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. அதைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் உத்தேசம் அவரிடம் தென்படவில்லை.

"எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்க. எங்கக்கா எப்படிச் செத்தா?"

"பிரஷர்தான் மச்சான்," என்றார் அக்காவின் கணவர் கார்த்திகேசு.

"பிரஷர் என்ன நேத்து வந்ததா? எத்தன வருஷமா மாத்திரை போடறவ! ஒழுங்கா மாத்திரை போட்டா எப்படி மண்டையில ரத்தக் கொழா வெடிக்கும்? அதச் சொல்லுங்க."

பெட்டியின் தலைமாட்டில் நின்று அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள் புஷ்பவல்லி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் கூடாரத்தில் ஒரே ஒருவர்தான். அது அவள். விசிறி நின்றது. ஈ ஒன்று வந்து இராஜம்மாவின் கன்னத்துச் சந்தனத்தில் உட்கார்ந்தது. வல்லி மறுபடி வீசினாள்.

அப்பா கார்த்திகேசு, புதிதாக வந்த காருக்கு இடம் காட்ட ரோட்டுப் பக்கம் போனார். காலையிலிருந்து அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நாற்காலி போட்டார். தண்ணீர்ப் பீப்பாயை நிழலுக்கு நகர்த்தினார். லோரிக்காரர் ஆதலால் பின்னால் வரும் வண்டிகளுக்கெல்லாம் "வா, வா, வா, போதும்" என்று கை காட்டினார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகன் இல்லாத வீடு. கொள்ளி வைக்க வேண்டியவரும் அவர்தான். மனைவியின் சாவை அடுத்த வீட்டுக் கல்யாணம் போல ஓடியாடிச் செய்கிற மச்சானை, சின்னையா மாமா ஒவ்வொரு காருக்கும் ஒருமுறை முறைத்துப் பார்த்தார்.

ஆண்கள் பக்கம் வேறு ஒரு பேச்சு அடங்கிய குரலில் ஓடிக்கொண்டிருந்தது. கிள்ளான் பெரியாசுபத்திரியில் கடைசியாக இராஜம்மாவுக்கு எடுத்த அளவு இருநூற்று முப்பதுக்கு நூற்று முப்பது. நாலு நம்பர் லாட்டரிச் சீட்டில் செத்தவர்களின் எண் விழும் என்பது தோட்டத்து நம்பிக்கை. ஆனால் இதில் ஆறு இலக்கம் வருகிறதே, எதை விடுவது, எதை வைப்பது? "ரெண்டு சைபரையும் வுட்டுரு லா," என்றார் ஒருவர். "சைபர வுட்டா அக்காவுக்கு மரியாத இல்ல," என்றார் இன்னொருவர்.

வல்லிக்கு எல்லாம் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. கோபத்துக்கு உள்ளே இடம் இல்லை.

*

இத்தனைக்கும் காரணமான கோடு தோட்டத்தில் கிழிக்கப்பட்டதல்ல.

நெடுங்காலமாக, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நாகையாவின் மருந்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. நூற்று அறுபதுக்குக் கீழே மனிதன், மேலே நோயாளி. நாகையா கையில் பட்டையைச் சுற்றுவார், ரப்பர் பந்தை அமுக்குவார், பாதரசம் இறங்குவதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், வந்த எண்ணை ஏலம் விடுவது போல உரக்கச் சொல்வார். "நூத்தி அம்பத்தி ரெண்டு! நல்லாத்தான இருக்க? போ, போயி வேலயப் பாரு!" வரிசையில் நிற்கிற கடைசி ஆளுக்கும் அது கேட்கும். யார் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்பது போல யாருக்கு எவ்வளவு பிரஷர் என்பதும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்.

பிறகு எங்கோ ஜெனீவா பக்கம், வியர்க்காத அறை ஒன்றில், படித்தவர்கள் கூடிப் பேசி அந்தக் கோட்டை நூற்று நாற்பதுக்கு இறக்கினார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. நூற்று ஐம்பதிலும் ஆட்கள் சாகத்தான் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்கள். காப்பார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற இந்தத் தோட்டத்துக்குச் செய்தி வந்த அன்று யாரும் ஒரு படிகூட ஏறவில்லை. நின்ற இடத்தில் நின்றபடியே பாதிப் பேர் கோட்டுக்கு மேலே போய்விட்டார்கள்.

கோட்டைக் கொண்டுவந்தவர் கம்பெனி டாக்டர். ஷா ஆலத்திலிருந்து வந்தார். சின்ன வயது, தங்கமான பையன், எல்லோரையும் அங்கிள் ஆன்டி என்றுதான் கூப்பிட்டார். அடுத்த வீட்டுப் பவுனம்மாளுக்கு அளந்து பார்த்துவிட்டு, "ஹை இருக்கு ஆன்டி" என்றார். பவுனம்மாள் அழுதே விட்டாள்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன் டாக்டர்!"

"நேத்தும் இதேதான் ஆன்டி இருந்திருக்கும்."

"அப்ப நேத்து ஏன் யாரும் சொல்லல?"

தங்கமான பையன் அடுத்த ஆளின் கையில் பட்டையைச் சுற்றினார்.

கோடு காரில் வந்தது. அதற்கான மாத்திரைகள் பின்னால் லோரியில் வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை. ஆனால் கம்பெனியின் சட்டம் அன்றைக்கே வந்துவிட்டது. கோட்டுக்கு மேலே நிற்கிற டிரைவர்கள் மூன்று வாரத்தில் கீழே இறங்க வேண்டும். மறுபடி அளக்கும்போதும் மேலேயே நின்றால் லோரியை விட்டு இறங்க வேண்டும்.

கார்த்திகேசுவுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. இத்தனை வருடம் "போயி வேலயப் பாரு" என்று சொல்லப்பட்ட எண் அது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிற வரைதான் அவருக்கு வேலை, வேலை இருக்கிற வரைதான் வீடு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்கை வே பேக்டரியிலிருந்து லீவுக்கு வந்த வல்லி, அடுப்படியில் அம்மா ஒரு மாத்திரையைப் பிதுக்கி அப்பாவின் காப்பித் தட்டில் வைப்பதைப் பார்த்தாள். அட்டையை மடித்துச் சீனி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு, தனக்கென்று அம்மா எடுத்துக்கொண்டது இரண்டு பல் பூண்டு.

"இது ஒன்னோட மாத்திரையாச்சேம்மா."

"கத்தாத! டிரெஸ்ஸர் தனியா குடுத்ததுன்னு நெனச்சிட்டிருக்காரு ஒங்கப்பா. வெளிய தெரிஞ்சா டிரெஸ்ஸர் வேலைக்கு ஆபத்து, அவருகிட்டகூட இதப்பத்தி மூச்சு விடாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அப்ப ஒனக்கு?"

"எனக்கு பழைய வியாதி, பழகிப் போச்சு. அவருக்குப் புதுசு, தாங்க மாட்டாரு." இராஜம்மா சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் பழைய பிள்ளை புதுப் பிள்ளைக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருகிற மாதிரியான சிரிப்பு. "மூணு வாரந்தான? அதுக்குள்ள பெரியாசுபத்திரியில எனக்கு அடுத்த மாத்திரை குடுத்துருவாங்க."

"நான் அப்பாகிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு. சொன்னா அவரு போட மாட்டாரு. லோரி போவும். லோரி போனா வீடு போவும். அப்புறம் அந்த ஆறு பொண்ணுங்களோட ஒன் ரூம்ல நாங்களும் வந்து படுத்துக்கறோம். எடம் இருக்கா?"

வல்லி சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை காலை துணி துவைக்கிற கல்லருகே இராஜம்மா விழுந்தாள். ஆசுபத்திரியில் கேட்டார்கள், மருந்தெல்லாம் ஒழுங்காக எடுத்தாரா என்று. "ஒரு நாள் தவறுனதில்ல," என்றார் அப்பா. அவர் முகத்தில் பொய்யே இல்லை. அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்க வல்லியால் முடியவில்லை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

திங்கட்கிழமை தங்கமான பையன் மறுபடி வருகிறார், அளக்க.

இன்று சனிக்கிழமை. காலையில், பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே, வல்லி காப்பி கலந்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். கை தானாகச் செய்தது. அப்பா கேள்வி கேட்காமல் விழுங்கிவிட்டு நாற்காலி போடப் போனார்.

*

"பாஸ், வெயில் ஏறுது லா," என்று வேன்காரர் வந்து நின்றார். "கிள்ளான்ல அடுத்த பார்ட்டி காத்துக்கிட்டிருக்கு."

"காத்துக்கிட்டிருக்கட்டும்!" சின்னையா மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். பையை மட்டும் விடவில்லை. "எங்கக்கா ஒண்ணும் அனாத இல்ல. கேக்க ஆள் இருக்கு. மச்சான்! இங்க வாங்க. காருக்கு இன்னொருத்தன் கை காட்டுவான். நீங்க இங்க வாங்க."

கார்த்திகேசு வந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி ஒங்க கண்ணுல வரலியே. கல்லா மனுசனா நீங்க? ஒங்களுக்கு ஆக்கிப் போட்டே செத்தாளே…" குரல் உடைந்தது. மாமாவின் முகம் நெற்றியிலிருந்து கழுத்துவரை சிவந்தது. கை எதையோ தேடிக் காற்றில் துழாவியது. நாற்காலி இருந்தது, நல்லவேளை. அதில் விழுந்தார்.

"ஐயோ, அண்ணனுக்கு மயக்கம்! டிரெஸ்ஸர! டிரெஸ்ஸரக் கூப்புடுங்க!" என்று பவுனம்மாள் கத்தினாள்.

நாகையா தூரத்தில் இல்லை. மேளக்காரர்கள் பக்கத்தில் நின்றிருந்தார். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து அளக்கிற கருவியை எடுத்து வந்தார். மாமாவின் சட்டைக் கையைச் சுருட்டி, பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கினார். மேளம் தானாக நின்றது. பெட்டியில் கிடந்த இராஜம்மாவை மறந்து கூட்டம் முழுக்கப் பாதரசத்தைப் பார்த்தது.

"நூத்தி எம்பத்தி நாலு!"

பழக்கம். அடக்கத் தெரியவில்லை அவருக்கு. "உச்" என்று ஒரு சத்தம் கூடாரம் முழுக்கப் பரவியது. ஆண்கள் பக்கம் யாரோ மனதுக்குள் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

"கூடப் பொறந்த ரத்தம்ல?" என்று பவுனம்மாள் மூக்கைச் சிந்தினாள். "எப்படிக் கொதிக்குது பாரு. டிரெஸ்ஸர், அப்படியே டிரைவரண்ணனுக்கும் பாத்துருங்க. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. கொள்ளி வெக்கப் போற மனுசன், அங்க விழுந்து வெச்சா?"

வேண்டாம் என்று சொல்ல வல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா கையை நீட்டிவிட்டார். இரண்டு நாளாக யார் எதைக் கேட்டாலும் நீட்டுகிற கை.

பட்டை சுற்றப்பட்டது. பந்து அமுங்கியது. பாதரசம் ஏறி நின்றது. பிறகு இறங்கியது. நூற்று எண்பதில் நிற்கவில்லை. நூற்று அறுபதில் நிற்கவில்லை. நூற்று நாற்பதையும் தாண்டி, ஒன்றும் நடக்காதது போல இறங்கிக்கொண்டே இருந்தது.

நாகையாவின் வாய் அவருக்கு முன்னால் முந்திக்கொண்டது.

"நூத்தி இருவத்தெட்டு."

இந்த முறை யாரும் 'உச்' கொட்டவில்லை.

சின்னையா மாமா மெதுவாக நிமிர்ந்தார்.

"எவ்வளவு?"

நாகையா பட்டையை அவிழ்த்தார்.

"நூத்தி இருவத்தெட்டா? எனக்கு நூத்தி எம்பது. கூடப் பொறந்தவன் எனக்கே எம்பதுன்னா கட்டுனவனுக்கு எவ்வளவு இருக்கணும்? பொண்டாட்டி பொட்டியில கெடக்குறா, இவருக்கு நோர்மல்!" எழுந்து கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். "நான் வாயால சொல்லல. மெசின் சொல்லுது. எல்லாரும் பாத்தீங்கள்ல?"

பார்த்தார்கள்தான். கூட்டத்தின் முகங்கள் அப்பாவின் பக்கம் திரும்பின. அவர் லோரிக்கு எத்தனையோ வருடம் குலை வெட்டியவர்கள், அதே லோரியில் பள்ளிக்குப் போய் வளர்ந்தவர்கள். அவர்கள் எல்லோரும் இந்த மூன்று வாரத்தில் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தது ஒன்றுதான். மனிதன் சொல்வது அல்ல கணக்கு, எண் சொல்வதுதான் கணக்கு. அந்த எண் இப்போது அப்பாவைக் கல் என்று சொன்னது.

அப்பா கையை இழுத்துக்கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டார். ஒரே ஒரு தடவை நாகையாவைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. நாகையாவுக்கு அது புரியவில்லை. புரிய வழியில்லை. தான் கொடுக்காத மாத்திரைக்காக ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார் என்று யார்தான் நினைப்பார்கள்? அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கல் என்ற பெயரோடு கொள்ளி வைக்க அவர் தயாராகிவிட்டார் என்று வல்லிக்குத் தெரிந்தது.

"இந்தக் கோடி விழாது," என்றார் மாமா. பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நான் பிரிக்பீல்ட்ஸுக்கே கொண்டு போறேன். எங்கக்காள எப்படி வெச்சிருந்தீங்களோ அப்படியே தூக்கிட்டுப் போங்க."

ரோட்டைப் பார்த்து நடந்தார். ஓர் அடி. இரண்டு அடி. நாகையா பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தடுக்க வேண்டிய வயதுள்ளவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொன்னால் அப்பாவின் மேல் உள்ள பழி போகும். கூடவே அப்பாவும் போய்விடுவார். சொல்லாவிட்டால் அம்மா கோடி இல்லாமல் போவாள். வல்லி விசிறியைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தாள்.

"மாமா! நில்லுங்க."

நின்றார்.

"அப்பா மாத்திரை போடறாரு. அதான் கம்மி காட்டுது."

"என்ன மாத்திரை?"

"பிரஷர் மாத்திரதான். திங்கக்கெழம செக்கப் இருக்குல்ல? லோரிய விட்டு எறக்கிருவாங்கன்னு…" நாகையாவின் பக்கம் கை நீட்டினாள். "அங்கிள்தான் குடுத்தாரு. டிரெஸ்ஸர் அங்கிள்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய பாறையைத் தூக்கி எவ்வளவு வயதான தலையில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. டாக்டருக்குத் தெரியாமல் டிரைவருக்கு மருந்து கொடுத்து எண்ணை இறக்கினார் என்றால், நாகையாவின் வேலை அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது.

"வல்லி!" என்று அப்பா பதறினார். இரண்டு நாளில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். "அவர எதுக்கு இழுக்கற? பாவம், நம்மளுக்கு நல்லது செஞ்ச மனுசன்!" பிறகு நாகையாவைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சிருங்க டிரெஸ்ஸர். நான் யார்கிட்டயும் வாய் தொறக்கல. ராஜம்மா சத்தியம் வாங்கியிருந்தா."

நாகையா புருவத்தைச் சுருக்கினார். "நானா…" என்று தொடங்கினார்.

வல்லி அவரைப் பார்த்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. கண்ணால் கெஞ்சவும் இல்லை. அதற்கும் தெம்பு இல்லை. வெறுமனே பார்த்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். கை கூப்பி நிற்கும் கார்த்திகேசுவைப் பார்த்தார். தன் மருந்தகத்தில் இல்லாத மாத்திரை அந்த வீட்டில் யாரிடம் இருந்திருக்கும் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் வேண்டியிருக்கவில்லை. அவர் பார்வை கடைசியாகப் பெட்டிக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது.

பட்டையைச் சுருட்டத் தொடங்கினார். அழுத்தி, சுருக்கமில்லாமல், நிதானமாகச் சுருட்டினார்.

"ஆமா," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "நான்தான் குடுத்தேன்."

மாமாவின் தோள்கள் கொஞ்சம் இறங்கின. ஆனால் அவர் ரயில்வே பட்டறைக்காரர். ஒரு திருகு கழன்றால் அடுத்த திருகையும் தட்டிப் பார்ப்பவர்.

"சரி. அப்ப அக்காவும் அதே மாத்திரதான போட்டா? இவருக்கு எறங்குது. அவளுக்கு ஏன் ஏறுச்சு?"

வல்லி வைத்த விசிறியை மறுபடி எடுத்தாள்.

"அது…" நாகையா கருவியின் மூடியைச் சாத்தினார். அது பொருந்தவில்லை. மறுபடி அழுத்தினார். "சில ஒடம்புக்குக் கேக்கும். சில ஒடம்புக்குக் கேக்காது."

"அதானே," என்றாள் பவுனம்மாள். "எல்லாருக்கும் ஒரே மாதிரியா எழுதியிருக்கு?"

மாமா பெட்டியருகே திரும்பி வந்தார். பிறகு பையைப் பிரித்தார். அரக்குச் சேலை, அகலச் சரிகை. அக்காளுக்கு உயிரோடு இருந்தபோது வாங்கித் தந்ததைவிட விலை கூடியது என்று பார்த்தாலே தெரிந்தது. அதை உதறி, பெட்டியின் மேல் விரித்து, கால்மாட்டில் மடிப்பைச் சரிசெய்யும்போது கேவி அழுதார். கார்த்திகேசு பக்கத்தில் வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்துவிட்டார். சேலை நேராக விழுந்தது.

மேளம் தொடங்கியது. வேன்காரர் பீடியை எறிந்தார். கூட்டம் எழுந்த சந்தடியில் பவுனம்மாள் டிரெஸ்ஸரின் காதருகே போய், "டிரைவருக்கு மட்டும் இருந்துச்சாக்கும்? எங்களுக்கு மட்டும் வரல வரலன்னீங்க," என்று கிசுகிசுத்தாள். அதற்கும் நாகையா தலையை ஆட்டினார்.

வேன் ரோட்டுக்கு ஏறியதும், மோட்டார் சைக்கிளை நோக்கிப் போன நாகையாவைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் வல்லி மறித்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றார் அவர்.

"அந்த மொத செக்கப் முடிஞ்சதுலேர்ந்து."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

அவர் கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"மிச்சம் இருக்கிறத அவருக்குக் குடுத்துக்கிட்டே இரு. நிறுத்திராத. அந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தினா…"

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளும் முடிக்கச் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் இரண்டு உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது.

*

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வெயில் செம்பனை மரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. குழாயடியில் ஒவ்வொருவராகக் குளித்தார்கள். சின்னையா மாமா அசதியில் வாசல் பெஞ்சில் சட்டையில்லாமல் படுத்து அப்படியே தூங்கிப்போனார். அவர் காலடியில் காலிப் பை கிடந்தது.

அப்பா நடுவீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டித் தோளில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு.

வல்லி அடுப்படிக்குப் போனாள். அட்டையில் மீதி இருந்தவற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை வரை போதும். ராத்திரி வேளைக்கான ஒன்றைப் பிதுக்கி எடுத்து, டம்ளரில் வெந்நீர் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கி வாயில் போட்டு, தலையை அண்ணாந்து விழுங்கினார். டம்ளரைக் கீழே வைத்தார்.

அவள் திரும்பி அடுப்படிக்குள் நுழைந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. எத்தனையோ சாயங்காலங்களில் அந்த அடுப்படியைப் பார்த்து அம்மாவிடம் கேட்டுப் பழகிய குரல். நிமிர்ந்து பார்க்காமல் கேட்கிற குரல்.

"நீ போட்டியா?"

வல்லி சீனி டப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டாச்சு," என்றாள்.

வெளியே யாரோ வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.